குருவி குடியிருக்கும் சுவர்

பறவைகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லித் தருவதோடு முடிந்துவிடுவதால், அப்பறவை எங்கே கூடு கட்டுகிறது, குஞ்சுக்கு எதை ஊட்டுகிறது என்னும் கேள்விகள் சிறார் மனத்தில் எழுவதே இல்லை. வாழிடம் என்பது காடும் ஏரியும் மட்டுமன்று. இரை, நீர், மறைவிடம், கூடு கட்டும் இடம் ஆகியன ஒருங்கே கிடைக்கும் எவ்விடமும் வாழிடமே. இதைக் கண்ணால் காட்டிக் கற்பிக்க, தமிழர் கடைகள் நிறைந்த பாரிஸின் லா சப்பல் தெருக்களே போதும்.

பாரிஸ் நகரில் 2003 முதல் 2016 வரை சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை 73 விழுக்காடு குறைந்ததாகப் பறவை ஆர்வலர்களின் கணக்கெடுப்பு காட்டியது. வளர்ந்த குருவி தானியம் தின்று வாழக்கூடியது. ஆனால் அதன் குஞ்சுகளுக்குத் தொடக்க நாட்களில் புழுவும் பூச்சியுமே உணவு என்பதால், புதரும் புல்லும் அற்ற தெருவில் எவ்வளவு அரிசி இறைத்தாலும் அவை தேறுவதில்லை. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது சுவர் இடுக்குகளும் கூரையோரத் துளைகளும் பூசி அடைக்கப்படுவது மற்றொரு காரணம். பிறந்த இடத்தைவிட்டு வெகுதொலைவு செல்லாமல் கூட்டமாக வாழும் பறவையாதலால், ஒரு தெருவில் அற்றுப்போன குருவி அங்கே மீண்டும் குடியேறுவது எளிதன்று.

உழவாரன் இன்னும் வியப்பூட்டுவது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரல் இறுதியில் வந்து சேரும் இப்பறவை, மே, சூன் மாத மாலைகளில் அரிவாள் போன்ற சிறகுகளை விரித்து, கிறீச்சிட்டபடி கூரைகளுக்கு மேலே கூட்டமாகச் சுற்றும். இனப்பெருக்கக் காலம் தவிர்த்த பத்து மாதங்களையும் இவற்றுள் சில தரையிறங்காமல் வானிலேயே கழிப்பதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். அத்தகைய பறவை ஆண்டுதோறும் திரும்பி வருவது, தான் முன்பு முட்டையிட்ட அதே சுவர்ப் பொந்துக்குத்தான்.

லா சப்பலுக்கு அருகிலுள்ள எயோல் பூங்கா, சரக்கு ரயில் முற்றமாக இருந்த ஏறத்தாழ 4 எக்டேர் நிலத்தில் 2007இல் திறக்கப்பட்டது. வெறுந்தரையாகக் கிடந்த நிலத்தில் செடி வளர, பூச்சி வர, அதைத் தேடிப் பறவை வரும் தொடரை அங்கே சிறார்களுக்கு நேரில் காட்டலாம். பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பள்ளிகளுக்கென நடத்தும் விஜி நத்யூர் எகோல் திட்டத்தில், மாணவர் எண்ணிப் பதிவுசெய்யும் பறவைகள் ஆய்வாளர்களுக்குத் தரவுகளாகின்றன. பொதுமக்கள் பங்கேற்கும் இம்முறை மக்கள் அறிவியல் எனப்படும். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இவ்வகையினதே. எண்ணப் பழகிய பிள்ளை, குறைவதையும் தானே கண்டுகொள்ளும் என்பதால் மனப்பாடத்தைவிட இதுவே மேலான கல்வி.

சிட்டுக்குருவி, உழவாரன் இரண்டும், அவற்றின் கூடுகளும் பிரெஞ்சுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை. எனவே குடியிருக்கும் கட்டடத்தின் சுவரைப் புதுப்பிக்கப் போவதாக அறிவிப்பு வரும்போது, சாரம் கட்டுவதற்கு முன்பே பிள்ளைகளுடன் கீழே நின்று எந்தப் பொந்தில் பறவை நுழைகிறது என்று பார்த்துக் குறித்து, கட்டட நிர்வாகத்திடம் பெற்றோர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.