மேட்டைக் காக்கும் சட்டமும் மேட்டில் வாழும் சனமும்

ரொறன்ரோவில் மலை இல்லை. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் எங்கே நின்று பார்த்தாலும் தட்டையான நிலம்தான். இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளுக்கு மலை என்றால் றொக்கி மலை, அதுவும் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற ஒன்று. ஆனால் ஸ்காபரோவுக்குப் பக்கத்தால் ஓடுகிற ரூஜ் ஆற்றின் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால், விடை வடக்கே இருக்கிற ஒரு மேட்டில்தான் இருக்கிறது.

அதன் பெயர் ஓக் ரிட்ஜஸ் மொரேன். பனியுகம் முடியும்போது, ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன், உருகிய பனிப்பாறைகள் விட்டுப்போன மணலும் சரளைக் கல்லும் சேர்ந்த மண்மேடு அது. நயாகரா எஸ்கார்ப்மென்டில் தொடங்கிக் கிழக்கே சுமார் 160 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. மழையையும் உருகும் பனியையும் உறிஞ்சி நிலத்தடியில் சேமித்து, மெதுவாக ஆறுகளுக்கு விடுகிறது. ஹம்பர், டொன், ரூஜ் மூன்றுக்கும் ஊற்றுக்கண் அங்கேதான். மேலே கொங்கிறீற்றைப் போட்டு மூடினால் கீழே இரண்டு விதமாகத் தெரியும்: மழை நாளில் வெள்ளம், வெயில் நாளில் வறண்ட ஓடை.

இதை ஒன்ராறியோ மக்கள் நேரத்தோடு விளங்கிக்கொண்டார்கள். நயாகரா எஸ்கார்ப்மென்டுக்கு 1973-ல் தனிச் சட்டம், 1985-ல் முழுத் திட்டம். 1990-ல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. மொரேனில் வீடு கட்டும் நெருக்கடி வந்தபோது, 2000-ம் ஆண்டளவில் ரிச்மண்ட்ஹில் வாசிகள் கூட்டம் கூட்டமாக நகரசபைக்குப் போனார்கள். 2001-ல் மொரேன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2005-ல் இரண்டையும் சேர்த்து, சுமார் 20 இலட்சம் ஏக்கரில் 'கிறீன்பெல்ற்' உருவானது.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. 2022 கடைசியில் மாகாண அரசு கிறீன்பெல்றிலிருந்து சுமார் 7,400 ஏக்கரை வெளியே எடுத்தது. 50,000 வீடுகள் கட்டப் போகிறோம் என்றது. அதில் பெரும் பங்கு பிக்கரிங்கில், ரூஜ் தேசியப் பூங்காவை ஒட்டிய விவசாய நிலம். எங்கட ஆட்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிற பகுதிக்குப் பக்கத்திலேயே!

அந்த நாட்களில் கலியாண வீட்டிலும் கோயில் வாசலிலும் இதைப் பற்றிக் கதைத்தது எனக்கு நல்ல ஞாபகம். "காணி திறந்தால் வீடு மலியும், பிள்ளைகளுக்கு ஒரு வீடு எடுக்கலாம்" என்பதுதான் பலருடைய கருத்து. அந்த ஆதங்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, இரண்டு வேலை செய்து வீடு வாங்கிய சமூகத்துக்கு வீட்டு விலை சின்ன விஷயம் இல்லை. ஆனால் அரசே நியமித்த வீட்டுவசதிச் செயலணி, வீட்டுத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் காணிப் பற்றாக்குறை இல்லை என்று 2022 பெப்ரவரியில் சொல்லியிருந்தது. 2023 ஓகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வந்தது. அந்த மாற்றத்தால் நில உரிமையாளர்களின் காணிப் பெறுமதி 830 கோடி டொலருக்கு மேல் கூடக்கூடும் என்று அது கணக்குச் சொன்னது. அடுத்த மாதமே முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு, நிலத்தைத் திருப்பிச் சேர்ப்பதாக அறிவித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மேட்டைக் காப்பாற்றியது சட்டம் மட்டும் இல்லை. கணக்குக் கேட்கும் அதிகாரியும், தோண்டி எழுதும் பத்திரிகையும், நகரசபையில் எழுந்து கேள்வி கேட்கிற குடிமகனும் சேர்ந்துதான் காப்பாற்றினார்கள். அந்தக் குடிமகனுக்குக் காணி உறுதி இருந்தது, வாக்கு இருந்தது, முகவரி இருந்தது.

இனி எங்கட மலைக்கு வருவோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுதான் எமனாக வந்தது. இங்கே வட்ஸ்அப் குழுக்களில் காணொளிகள் ஓடின, உண்டியல் குலுங்கியது, சங்கங்கள் பணம் சேர்த்தன. நல்ல காரியம். ஆனால் இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த அனர்த்தம் இல்லை.

2014 ஒக்டோபர் 29-ஐ நினைத்துப் பாருங்கள். பதுளை மாவட்டம், கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டம். காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. பிறகு ஏன் சனம் எழும்பிப் போகவில்லை என்று இங்கே பலர் கேட்டார்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: எங்கே போவது?

தோட்டத் தொழிலாளி இருக்கிற லயன் காம்பரா அவருடையது இல்லை. காணி அரசுடையது, 1992-க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளுடையது. தேயிலை வளரக்கூடிய நிலம் தேயிலைக்கு, மிச்சத்தில் லயன் என்றுதான் வெள்ளைக்காரன் கட்டினான். பல தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு, பாதுகாப்பான ஒரு மேட்டைப் பார்த்து "நான் அங்கே வீடு கட்டுகிறேன்" என்று சொல்ல உரிமை கிடையாது. 2018-ல் சட்டம் திருத்தப்படும்வரை, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவழிக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. ரிச்மண்ட்ஹில்காரர் நகரசபைக்குப் போய்ச் சத்தம் போட்டார். மீரியபெத்தக்காரர் எந்தச் சபைக்குப் போவது?

மாற்றுக் காணி இல்லாத எச்சரிக்கை வெறும் கடதாசி. தப்பியவர்கள் பலர் நீண்ட காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில்தான் தங்கவேண்டி வந்தது.

மலையைப் பற்றித் தெரியாமல் நடந்ததும் இல்லை இது. 1873-லேயே தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்ட விடக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். உச்சிக் காடுகள் கொஞ்சமாவது மிஞ்சியதற்கு அந்த எல்லைக்கோடு ஒரு காரணம். அதற்குக் கீழே கோப்பிக்காகவும், கோப்பியை நோய் அழித்த பிறகு தேயிலைக்காகவும் மலை மொட்டையடிக்கப்பட்டது. இன்று ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுகள் மூன்றும் 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. காட்டுக்குக் காப்பு வந்தது. அதன் அடியில் வாழ்கிற சனத்துக்கு வரவில்லை.

அபிவிருத்தி என்று வந்ததும் மலையின் பேச்சைக் கேட்கவில்லை. உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்தைத் தோண்டும்போது 2014 கடைசியில் உள்ளே தண்ணீர் கசியத் தொடங்கியது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மின்சாரமும் தண்ணீரும் கீழ்நாட்டுக்குப் போக, விலையை மேல்நாடு கொடுத்தது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. 2020 ஓகஸ்டில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். லயங்களில் தூங்கிய தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30-ல் வயநாடு, முண்டக்கை, சூரல்மலை. மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2011-லேயே வழி சொல்லியிருந்தது. எங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதைக் கிராம சபையோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அது கிடப்பில் போடப்பட்டது. கஸ்தூரிரங்கன் குழு அதைத் தளர்த்திக் கொடுத்ததற்கும் 2013-ல் கேரளத்தில் கடையடைப்பு நடந்தது. 'காட்டைக் காக்கிறோம் என்று எங்களைத் துரத்தப் போகிறார்கள்' என்ற பயம் சனத்துக்கு இருந்தது. அந்தப் பயத்தை யாராவது தூண்டிவிட்டிருக்கலாம், ஆனால் காணி உறுதி இல்லாதவனுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

என்னுடைய கருத்து இதுதான்: மலையைக் காப்பதும் மலைச் சனத்துக்குக் காணி கொடுப்பதும் இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை. தன் பெயரில் காணி இருக்கிறவன் மேலே மரத்தை நடுவான், வடிகாலைத் துப்புரவாக்குவான், சுரங்கம் வெட்ட வந்தால் கேள்வி கேட்பான். 1992 ரியோ மாநாட்டின் 'நிகழ்ச்சிநிரல் 21' மலைகளுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியது. ஐ.நா. 2022-ஐ நிலைபேறான மலை அபிவிருத்தி ஆண்டு என்று அறிவித்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் கையில் உறுதி இல்லாவிட்டால், அந்தச் சொற்கள் நுவரெலியா லயன் வாசலுக்கு வந்து சேராது.

அப்போ நாங்கள் இங்கேயிருந்து என்ன செய்யலாம்?

வடக்கிலிருந்து வந்த எங்களில் பலருக்கு மலையகம் என்றால் கோப்பையில் இருக்கிற தேயிலை மட்டும்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகச் சனம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறி, எங்களோடு போரையும் அனுபவித்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதனால் அடுத்த முறை ஒரு சங்கம் மலையகத்தில் வீடு கட்டப் பணம் கேட்டால், தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அந்த இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கை எடுத்தாச்சா? காணி உறுதி யாருடைய பெயரில், மனைவியின் பெயரும் இருக்கிறதா? தண்ணீர், பாதை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? இதற்குப் பதில் இல்லாமல் கட்டுகிற வீடு, அடுத்த அடைமழையில் இன்னொரு மீரியபெத்தவாக மாறலாம். கனடா அரசு இலங்கைக்குக் கொடுக்கிற உதவியிலும் இதே நிபந்தனைகளை வைக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதலாம். எங்கட தொகுதிகளில் எங்கட வாக்குக்குப் பெறுமதி இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2026 ஒக்டோபரில் ஒன்ராறியோ முழுவதும் நகரசபைத் தேர்தல். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் மொரேனைப் பற்றியும் ரூஜ் ஆற்றங்கரைக் காணிகளைப் பற்றியும் அவர்களே ஆங்கிலத்தில் கேட்கட்டும். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவர்கள், கொழும்பைப் பார்த்தும் அதையே கேட்பார்கள்.