ஹெல்மெட் மோதலை எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்கக் கால்பந்தில் ஹெல்மெட்டுகள் மோதும்போது விசையை நேரடியாக அளப்பதில்லை. தலையின் முடுக்கத்தைத்தான் அளக்கிறார்கள். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும் தலை 10 மில்லி வினாடியில் நின்றால், அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 60 மடங்கு. உள்மெத்தை நசுங்கி அந்த நேரத்தை நீட்டுகிறது, அடி குறைகிறது.

2003-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வீரர்களின் ஹெல்மெட்டுக்குள் உணரிகளைப் பொருத்தினார்கள். ஸ்பிரிங்குகள் அவற்றைத் தலையோடு அழுத்திப் பிடித்தன. ஏன்? ஹெல்மெட்டின் வெளி ஓடு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் ஆடும். ஓட்டின் அசைவை அளந்து பயனில்லை. அப்படியும் ஹெல்மெட் நழுவும். அதனால்தான் இப்போது பற்காப்பிலும் உணரி வைக்கிறார்கள். மேல்பற்கள் மண்டையோட்டில் ஊன்றியவை, தலையோடு சேர்ந்தே அசையும்.

தலையைச் சட்டென்று சுழற்றும் அடி மிக ஆபத்தானது, மூளைத்திசு இழுபடும். ஹெல்மெட் அதை முழுதாகத் தடுக்காது. அடிபட்ட பிள்ளைக்குத் தலை சுற்றினால், உணரி என்ன காட்டினாலும், அன்றைக்கு மறுபடி ஆடவிடாதீர்கள்.