புழுவைப் புரட்டிப் பாருங்கள்!

கடந்த விடுமுறையில் கேமரன் மலையில், ரிங்லெட் அருகே பாட்டி வீட்டில் தங்கியிருந்தேன். லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பை எருவைக் கிளறியபோது, விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன.

"வேர்ப்புழு! விட்டா ரோஜாவும் மிஞ்சாது, தேயிலையும் மிஞ்சாது" என்று மாமா மருந்துப் புட்டியை எடுத்துவிட்டார். உயிரியல் படிக்கும் நானும் தலையாட்டினேன். பாட்டிதான் தடுத்தார். "படிச்ச பிள்ளைதானே, என்ன புழுன்னு பார்த்துச் சொல்லு."

சுருக்கென்றது. மூன்று வகை வண்டுகளுக்கு ஒரே பெயர் எழுதி, செய்முறைப் பயிற்சியில் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு நமக்குத் தெரியும். அதன் ஸ்காராபிடே குடும்பத்தில்தான் செடிகளைத் தின்னும் இந்த வண்டுகளும் அடங்கும். எல்லாவற்றுக்கும் உணர்கொம்பின் நுனி விசிறிபோல் விரியும். அப்படியானால் வேறுபாட்டை எங்கே தேடுவது?

முதலில் பின்னங்கால் நகங்கள். ஒன்று நீண்டு மற்றொன்று குட்டையாக இருந்தால், அது இலை தின்னும் ருட்டெலினே. இளம் எண்ணெய்ப்பனை ஓலைகளை இரவில் கடிக்கும் அடோரெட்டஸ் இந்த வகைதான். இரண்டு நகங்களும் ஒரே அளவில் இருந்தால், பெரும்பாலும் மெலொலொந்தினே. இதன் புழுக்கள்தாம் வேரைத் தின்று நாற்றுகளை வாட வைப்பவை.

அடுத்தது பறக்கும் விதம். மற்ற வண்டுகள் மேல்சிறகுகளை விரித்துப் பறக்கும். செட்டோனினே என்னும் பூவண்டுகளில் பெரும்பாலானவை அவற்றை மூடியபடியே, பக்கவாட்டு இடைவெளி வழியாக உள்சிறகை நீட்டிப் பறக்கும்.

எங்கள் குப்பையில் இருந்ததோ வண்டு அல்ல, புழு. அதற்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு புழுவை எடுத்துப் பலகையில் விட்டேன். அது மல்லாந்து, கால்கள் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து போனது! பூவண்டுப் புழுவின் அடையாளமே இதுதான். இது பெரும்பாலும் மட்கிய இலையையும் மரத்தையும் தின்று எருவாக்கும். வேர்ப்புழு இப்படி முதுகால் ஊராது.

மாமா புட்டியை மூடி வைத்தார். "அப்ப அதுவும் நம்மளைப் போலத் தோட்ட வேலைதான் செய்யுது" என்று பாட்டி சிரித்தார்.

நண்பர்களே, செடி வாடினால் முதலில் வேரடியைத் தோண்டிப் பாருங்கள். கிடைத்த புழுவை ஒரு பலகையில் விடுங்கள். பெயர் தெரிந்த பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அன்று நான் ஆட்டிய தலையை நம்பி மருந்து ஊற்றியிருந்தால், பாட்டியின் எருக்குழியில் உழைத்தவர்களைத்தான் கொன்றிருப்போம்.