தட்டில் சோறு, நெஞ்சில் அச்சம்

பசித்தும் உணவு கிடைக்காதவர்களை நாம் அறிவோம். உணவை எதிரே வைத்துக்கொண்டு உண்ண அஞ்சுவோரும் உண்டு என்று எங்கள் தெருவில் சொன்னால், "தின்று கொழுத்தவர்களுக்கு வரும் நோய்" என்று சிரிப்பார்கள். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் தாய் காலணித் தொழிற்சாலையிலும் உழைத்து வாங்கும் அரிசி அது. அதை ஒரு பெண் வேண்டாம் என்றால், திமிர் என்பதைத் தவிர வேறு பெயர் எங்கள் வீடுகளில் இல்லை. விலங்கியல் மாணவியாகிய நான் இதைப்பற்றி எழுதத் துணிந்தது அதனால்தான்.

இந்நோயை 1873-இல் பிரான்சில் லசேக் என்னும் மருத்துவர் விவரித்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் கல் இதற்கு 'அனோரெக்சியா நெர்வோசா' எனப் பெயரிட்டார். அளவின்றி உண்டுவிட்டு வலிய வாந்தியெடுக்கும் 'புலிமியா நெர்வோசா'வை 1979-இல் ஜெரால்ட் ரஸ்ஸல் விவரித்தார். எலும்பும் தோலுமாக இளைத்த பின்னும் நோயாளி தம்மைப் பருமனாகவே எண்ணுவார் என்பது மேல்நாட்டு நூல்கள் தரும் இலக்கணம்.

நம் பக்கத்தில் அந்த இலக்கணம் அப்படியே பொருந்துவதில்லை. 1990-களில் ஹாங்காங்கைச் சேர்ந்த சிங் லீ என்னும் மனநல மருத்துவர், தம் நோயாளிகளில் பலர் பருமனைப்பற்றிப் பேசுவதே இல்லை, வயிறு உப்புகிறது, பசியில்லை என்றே சொல்கின்றனர் என்று எழுதினார். நமக்கு அருகே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுவர், வளரிளம் பருவத்தினரிடையே நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்விலும், உணவுக் கோளாறுகளுள் முதலிடம் பெற்றது மனக் காரணத்தால் வரும் வாந்தியே.

நாமோ இதனை வாயு என்போம், அல்சர் என்போம். இரண்டு மருந்துக்கும் கேட்காவிட்டால் தாயத்து. விரதம் என்ற போர்வையும் உண்டு. என் தோழி ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை விரதத்தோடு செவ்வாய் சேர்ந்தது, பிறகு சனி. பெண் பார்க்க வந்தவர்கள், "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்" என்று சொல்லிப் போன மாதம் அது. அவள் தன் உடம்பைப்பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. சாமிக்கு என்றால் யார் தடுப்பது?

உளச்சிகிச்சையாளர் சோற்றை மட்டும் பார்ப்பதில்லை. சோற்றுக்கு முன்னால் வரும் அச்சத்தைப் பார்க்கிறார். தேர்வோ திருமணப் பேச்சோ நெஞ்சைப் பிசைகிறது. ஒரு வேளை உண்ணாதிருந்தால், 'இதையாவது அடக்கினேன்' என்று சற்றே நிம்மதி. மனம் அந்த நிம்மதிக்குப் பழகிவிடுகிறது. மறுநாள் அச்சம் வந்தால் மறுபடியும் பட்டினி.

பட்டினியோ அச்சத்தைத் தணிப்பதில்லை, வளர்க்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், நலமுள்ள 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறத்தாழப் பாதி உணவே கொடுத்துப் பார்த்தார். அழகுக் கவலை எதுவும் இல்லாத ஆண்கள் அவர்கள். ஆயினும் நாளெல்லாம் உணவையே நினைத்தனர். சமையற் குறிப்புகளைச் சேர்த்தனர். எரிச்சலும் சோர்வும் மேலிட்டு நண்பர்களை விட்டு ஒதுங்கினர்.

ஆகவே நேரந்தவறாத உணவே முதல் மருந்து. அதன்பின்தான் அஞ்சும் பண்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும், கவளத்துக்கு முன் தோன்றும் எண்ணத்தைப் பேசி ஆராய்வதும். ஆனால் மிகவும் இளைத்தவருக்குத் திடீரென வயிறு நிறைய ஊட்டக்கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே கேடு வரலாம். அடிக்கடி வாந்தியெடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். ஆதலின் மருத்துவரும் உடன் வேண்டும். மாதவிலக்கு நின்றுபோவதை இரத்தச்சோகை என்று மட்டும் எண்ணி டானிக் வாங்கும் நம் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வளரிளம் பருவத்தினர்க்கான சிகிச்சையில் பெற்றோரைக் குற்றவாளியாக்காமல் துணையாக்குகிறார்கள். அக்கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது நெடுநாள் வழக்கம். விடியலில் கம்பெனி பஸ் ஏறும் நம் தாய்மார்க்கு அது எளிதன்று. தங்கும் நாளெல்லாம் கூலி போகும். அதற்கு முன் ஒரு வழி உண்டு. 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். விடுதியிலோ, "சாப்பிடு" என்று அதட்டாமல் பக்கத்தில் அமர்ந்து தானும் உண்ணும் தோழி ஒருத்தி போதும், அவள் "இளைத்து அழகாகிவிட்டாயே" என்று மட்டும் சொல்லாதிருந்தால்.