உப்பு சுவிட்சைத் தேடிய வைரஸ்!

குட்டீஸ், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால். இரண்டும் சேர்ந்து ஒரே உருவம்!

பாக்டீரியாவின் மரபணுக்களிலும் இரண்டை இப்படி ஒன்றாக ஒட்ட முடியும். ஒட்டுவது யார் தெரியுமா? ஒரு வைரஸ்!

எதற்காக ஒட்ட வேண்டும்? ஊறுகாயும் கருவாடும் ஏன் சீக்கிரம் கெடுவதில்லை? உப்பு, கிருமிகளின் உடலில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. ஆனால், நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா ஓரளவு உப்பைச் சமாளித்துவிடும். அதனிடம் 4,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. உப்பு பட்டதும் வேலையைத் தொடங்குவது எது? மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாதே!

இங்கேதான் 'மியூ' வைரஸ் வருகிறது. பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும் அதன் டி.என்.ஏ.வில் ஏதாவது ஓர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். எந்த இடம் என்று கணக்கே இல்லை!

1979-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மால்கம் கசடபன், ஸ்டான்லி கோஹன் இருவரும் ஒரு தந்திரம் செய்தார்கள். மியூவின் ஓரத்தில் 'லாக்' என்ற மரபணுவை வைத்தார்கள். அது வேலை செய்தால், தட்டில் வளரும் பாக்டீரியாவை நிறம் மாற வைக்கலாம். ஆனால், அதற்குச் சொந்த சுவிட்ச் இல்லை!

சுவிட்ச் இல்லாத பல்பை ஒரு வீட்டின் ஏதோ ஒரு ஒயரில் மாட்டினால் என்ன ஆகும்? அந்த ஒயரின் சுவிட்சைப் போடும்போது மட்டும் எரியும். அதேபோல, மியூ எந்த மரபணுவில் செருகுகிறதோ, அதன் சுவிட்ச்தான் லாக்கையும் இயக்கும். சாதாரணத் தட்டில் நிறம் இல்லை, உப்புத் தட்டில் நிறம் வருகிறது என்றால்... உப்பு சுவிட்ச் அகப்பட்டது!

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்த ஜெ. கௌரிசங்கர், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் இந்த வழியில் தேடினார். உப்பு பட்டதும் விழித்துக்கொள்ளும் 'புரோ-யு' மரபணு பற்றி 1985-ல் எழுதினார். புரோலின், பீட்டைன் ஆகிய பொருள்களை அது பாக்டீரியாவுக்குள் இழுக்க உதவுகிறது. அவை உள்ளே சேர்ந்தால் தண்ணீர் வெளியே ஓடாது. பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்! 1991-ல் கௌரிசங்கருக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது.

வைரஸ் என்றாலே நோய்தான் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மரபணுவின் வேலையை நிறமாக்கிக் காட்டியதும் ஒரு வைரஸ்தானே!