பிஸ்கட் டின்னும் அம்மாவின் கைப்பேசியும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. கமுந்திங்கில் வழக்கம்போல மழை. தைப்பிங் வட்டாரத்து மழையைப் பற்றி நம் நாட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து நனைந்தபடி வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா விளக்கைக்கூடப் போடாமல் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, காலையிலேர்ந்து இது தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுதுப்பா" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முகப்புத் திரை வந்தது. உடனே ஒரு விளம்பரம் திரை முழுவதையும் மறைத்தது. அதோடு உறைந்து நின்றது. சிறிது நேரத்தில் அணைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

காலையிலேயே அம்மா பேருந்து ஏறி ஒரு கைப்பேசிக் கடைக்குப் போய் வந்திருக்கிறார். கடைப் பையன், "ரீசெட் பண்ணிடலாம் ஆன்ட்டி, 50 வெள்ளி. ஆனா உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றானாம். சரி என்று சொல்ல வாயெடுத்தவர், "எங்க வீட்டுக்காரர் பேசினதும் போயிடுமா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. மருத்துவமனையில் இருந்த கடைசி மூன்று வாரங்களில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். பெரிதாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாயா, மழை வருதா, துணியை எடுத்தாயா, அவ்வளவுதான். அம்மா இரவில் தூங்குவதற்கு முன் ஒன்றிரண்டைக் கேட்பார். அவை இருந்த ஒரே இடம் அந்தக் கைப்பேசிதான். அவற்றுக்கு நான் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. கமுந்திங் ராயாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை எனக்கு. அக்கம் பக்கத்தில் யார் கைப்பேசி கெட்டாலும் என்னிடம்தான் வரும். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தேன்.

அப்பாவின் டின்

அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பழைய பிஸ்கட் டின் ஒன்று வைத்திருந்தார். பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டை நகல்கள், திருமணப் பதிவு, ஊழியர் சேமநிதிக் கடிதங்கள், பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள் தனித்தனி உறையில் இருக்கும். ஒவ்வோர் உறையின் மேலும் தமிழில் பெயர், ஆண்டு. "துணி போனா வாங்கிக்கலாம், பத்திரம் போனா ஆளே இல்ல" என்பார்.

அதில் மிகை இல்லை. பத்திரம் இல்லாமல் பள்ளியிலும் வேலையிலும் மருத்துவமனையிலும் அல்லாடிய குடும்பங்கள் தோட்டப்புறங்களில் எத்தனையோ உண்டு. ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்வதற்காகவே 2011-இல் 'மைடஃப்தார்' இயக்கத்தை நடத்த வேண்டிய நிலை இருந்தது.

இன்று நம் சாலை வரி, ஓட்டுநர் உரிமம், வங்கி, சேமநிதி, பிள்ளைகளின் பள்ளி அறிவிப்பு, குடும்பப் படங்கள் எல்லாமே கைப்பேசிக்குள் வந்துவிட்டன. டின் மாறிவிட்டது, அப்பாவிடம் இருந்த ஒழுங்கு மட்டும் நம்மிடம் வரவில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் நாங்கள் உடனே அதைப் பிரிக்க மாட்டோம். "கடைசியாக என்ன மாறியது?" என்றுதான் கேட்போம். அம்மாவிடமும் அதையே கேட்டேன்.

"போன வாரம் அக்கா மகன் வந்தான்ல, போன் மெதுவா இருக்கு பாட்டின்னு ஏதோ சுத்தம் பண்றதைப் போட்டுக் கொடுத்தான்."

பாதி விடை கிடைத்துவிட்டது. கைப்பேசியைச் 'சுத்தம்' செய்வதாகவும் 'வேகம்' கூட்டுவதாகவும் சொல்லும் செயலிகளில் பல, விளம்பரம் காட்டிப் பிழைப்பவை. ஆண்ட்ராய்டு தன் நினைவகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்; அதற்கு வேலைக்காரர் தேவையில்லை.

கைப்பேசியைச் 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு முறையில் தொடங்கினேன். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், அணைக்கும் பட்டியலில் உள்ள 'பவர் ஆஃப்' என்பதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இந்த வாய்ப்பு வரும். திரை உறைந்து போனால், கைப்பேசி தொடங்கும்போது ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் வழியும் பல கைப்பேசிகளில் உண்டு. இந்த முறையில், நாம் பின்னால் சேர்த்த செயலிகள் எதுவும் ஓடாது. அப்போதும் கோளாறு தொடர்ந்தால் சிக்கல் ஆழமானது. கோளாறு நின்றுவிட்டால் குற்றவாளி ஏதோ ஒரு செயலி.

பத்து நிமிடம் காத்திருந்தோம். விளம்பரம் வரவில்லை, கைப்பேசி அணையவும் இல்லை. அந்தச் செயலியை நீக்கினேன்.

பழுதுபார்க்கும் முன் பிரதி

கைப்பேசி அமைதியானதும் வேறு எதையும் தொடவில்லை. கம்பி வழியாக மடிக்கணினியில் இணைத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் 'மீடியா' கோப்புறைக்குள் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயரில் சிறு கோப்புறைகள். அப்பா மருத்துவமனையில் இருந்த வாரங்கள் எனக்கு நினைவில் இருந்தன. முதலில் அவற்றை நகலெடுத்தேன். பிறகுதான் மற்றவை.

ஒருவருடைய உரையாடலை மட்டும் தனியே எடுக்க இன்னொரு வழியும் உண்டு. அந்த உரையாடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'எக்ஸ்போர்ட் சாட்' இருக்கும். படங்களையும் குரலையும் சேர்த்தே மின்னஞ்சலுக்கோ கூகுள் டிரைவுக்கோ அனுப்பலாம்.

கூகுளில் காப்புப் பிரதி இருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். திறந்து பார்த்தால், கடைசிப் பிரதியின் தேதி அப்பா மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தியது! கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே அந்த அளவு. 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பிரதியும் இப்போது அதில்தான் வருகிறது. இடம் நிரம்பியதும் பிரதி எடுப்பது நின்றுவிட்டது. அறிவிப்பு வந்திருக்கும், அம்மா அதைத் தள்ளிவிட்டிருப்பார்.

சிறியதிலிருந்து பெரியதற்கு

அன்றைய அனுபவத்துக்குப் பிறகு, உதவி கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். ஒரு படியில் சரியாகிவிட்டால் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதல் படி, அணைத்துத் தொடங்குவது. திரை உறைந்திருந்தால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கலாம். புதிய ஐபோனில் ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை தட்டி, ஒலி குறைக்கும் பொத்தானை ஒருமுறை தட்டி, பக்கப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். இதனால் எதுவும் அழியாது.

இரண்டாவது, இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. அம்மாவின் 64 ஜிபி கைப்பேசியில் 1 ஜிபிகூட மிச்சமில்லை. செயலிகள் தற்காலிகக் கோப்புகளை எழுத இடம் வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகும், செயலி மூடிக்கொள்ளும், புதுப்பிப்பும் இறங்காது. பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப் அமைப்பில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளும், பலமுறை பகிரப்பட்டவையும் தனியே தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு அங்கேயே விடை கொடுக்கலாம். படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவையுங்கள். ஒரு எச்சரிக்கை: கூகுள் போட்டோஸ் செயலியில், பிரதி எடுக்கப்பட்ட படத்தை அழித்தால் கைப்பேசியிலும் கூகுளிலும் சேர்ந்தே அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், பிறகு மீட்க முடியாது. கைப்பேசியில் மட்டும் இடம் வேண்டுமானால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, புதுப்பிப்பு. 2021 மார்ச்சில் உலகம் முழுவதும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. காரணம் 'வெப்வியூ' எனும் உள் உறுப்பு ஒன்றில் வந்த பிழை. அதையும் குரோமையும் பிளே ஸ்டோரில் புதுப்பித்ததும் சரியானது. கோளாறு எப்போதும் உங்கள் கைப்பேசியில்தான் என்று நினைக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஒரே ஒரு செயலி மட்டும் தொல்லை தந்தால் அதன் 'கேச்'சை அழிப்பது. இங்கே கவனம் தேவை. 'கிளியர் கேச்' என்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்', அந்தச் செயலியில் நீங்கள் சேர்த்த எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

ஐந்தாவது, மேலே சொன்ன பாதுகாப்பு முறை. இணையம் மட்டும் தகராறு செய்தால் 'நெட்வொர்க் ரீசெட்' போதும். வைஃபை கடவுச்சொற்கள் மறந்துபோகும், படங்கள் போகாது. ஐபோனைக் கணினியில் இணைத்துச் சரிசெய்யும்போது 'அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; 'ரீஸ்டோர்' எல்லாவற்றையும் அழித்துவிடும்.

முழு ரீசெட் கடைசி மருந்து. அதற்கு முன், பிரதி எடுத்தாயிற்றா, கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரியுமா என்று பாருங்கள். பொத்தான்களை அழுத்தி வெளியிலிருந்து ரீசெட் செய்தால், கைப்பேசி பழைய திரைப் பூட்டையோ கூகுள் கடவுச்சொல்லையோ கேட்கும். தெரியாவிட்டால் உள்ளே நுழைய முடியாது. வங்கிச் செயலியையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்குக் காத்திருப்பு நேரம் உண்டு. வீட்டு வாடகை கட்டும் நாளில் இதைச் செய்யாதீர்கள்.

கைப்பேசிக்குள் ஒரு டின்

தைப்பிங்கில் 1883 முதல் இருக்கும் பேராக் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே எந்தப் பொருளாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். நம் கைப்பேசியிலோ ஆயிரக்கணக்கான படங்களுக்கு இடையில் மகளின் பிறப்புப் பத்திரம் பெயரில்லாமல் கிடக்கிறது.

கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ 'குடும்பம்' என்று ஒரு கோப்புறை திறங்கள். அதற்குள் ஆவணம், வீடு, வாகனம், மருத்துவம், பள்ளி என்று ஐந்து போதும். டிரைவ் செயலியில் உள்ள 'ஸ்கேன்' வசதியால் எடுத்தால் எழுத்து தெளிவாக இருக்கும். பெயரில் ஆண்டை முன்னால் போடுங்கள்: "2025 சாலை வரி அம்மா". வரிசை தானாக அமையும்.

பெயரைத் தமிழிலேயே எழுதலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மா இப்போது தானே தேடி எடுக்கிறார். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 2005-இல் செல்லினத்தைத் தந்தபோது கைப்பேசியில் தமிழ் ஒரு புதுமை. இன்று அது எல்லார் கைக்கும் எட்டும் வசதி.

சாலை வரி, காப்புறுதி, கடப்பிதழ் காலாவதி நாள்களை நாள்காட்டிச் செயலியில் பதிந்து, ஒரு மாதம் முன்பே நினைவூட்டச் செய்யுங்கள். கடப்பிதழுக்கு மட்டும் ஏழெட்டு மாதம் முன்பே வேண்டும். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியைக் கேட்கின்றன.

அடையாள அட்டைப் படத்தைப் புலனக் குழுக்களில் போடாதீர்கள். காகித நகலில் கோடு போட்டு, எதற்காக என்று எழுதிக் கொடுக்கும் நம் பழக்கத்தைப் படத்திலும் கடைப்பிடிக்கலாம். கல்யாணப் பத்திரிகை என்று 'ஏபிகே' கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள். உண்மையான அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். தவறி நிறுவி, பணம் போனது தெரிந்தால் இணையத்தைத் துண்டித்து, உடனே வங்கிக்கும் 997-க்கும் வேறொரு கைப்பேசியில் அழையுங்கள்.

அன்று இரவு

எல்லாம் முடிய மணி பதினொன்று ஆகிவிட்டது. அப்பாவின் குரலை மடிக்கணினியில் ஒன்று, டிரைவில் ஒன்று, ஒரு விரலியில் ஒன்று என மூன்று இடத்தில் வைத்தேன். அம்மா அந்த விரலியை ஓர் உறையில் போட்டார். கூகுள் கடவுச்சொல் எழுதிய சிறு நோட்டையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். வங்கி இரகசிய எண்ணை மட்டும் எழுத வேண்டாம் என்றேன்.

உறையின் மேல் "அவர் பேசியது" என்று எழுதி, பக்கத்தில் ஆண்டையும் போட்டார். பிறகு அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து, அதற்குள் வைத்து மூடினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா அம்மாவின் கைப்பேசியைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். வாட்ஸ்அப் அமைப்பில் 'சாட் பேக்கப்' என்ற இடத்தைத் திறந்து, கடைசிப் பிரதியின் தேதியைப் பாருங்கள். அது பழைய தேதியாக இருந்தால், வேறு வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அன்றைக்கே பிரதி எடுத்துவிடுங்கள்.