செயலியின் எண்ணிகள்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்து வட்டாரம் வெடித்தொழிலுக்கு மட்டுமன்றி அச்சுத்தொழிலுக்கும் பெயர் பெற்றது. அச்சுப்பொறிகளில் சிறு எண்ணி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தாள் அச்சாகி வெளிவருந்தோறும் அதன் எண் ஒன்று கூடும். எண்ணுவதற்கெனப் பொறியை நிறுத்த வேண்டுவதில்லை. அதன் விரைவும் குன்றுவதில்லை.

கணிப்பொறியின் செயலிக்குள்ளும் இத்தகைய எண்ணிகள் உள. 1993-இல் வெளிவந்த பெண்டியம் செயலியிலேயே அவை இடம்பெற்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் உருவாக்கிய ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொது அமைப்பு முறையைத் தழுவியவை. அம்முறையில் கடிகாரத் துடிப்புகளை எண்ண ஓர் எண்ணியும், நிறைவேறிய கட்டளைகளை எண்ண மற்றோர் எண்ணியும் உண்டு. பிற நிகழ்ச்சிகளை எண்ண மேலும் 29 எண்ணிகளுக்கு இடம் விடப்பட்டுள்ளது.

கைக்கடிகாரம் இருக்க இவை எதற்கு எனின், நிரல் நெடுநேரம் ஓடியது என்பதை மட்டுமே கடிகாரம் கூறும், காரணத்தைக் கூறாது. ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். 1000 கிடைவரிசையும் 1000 நெடுவரிசையும் கொண்ட எண் கட்டம் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்க. எண் ஒன்றுக்கு 8 பைட்டு. கட்டம் கிடைவரிசையாக நினைவகத்தில் கிடக்கிறது. செயலி தன் அருகிலுள்ள கேஷ் என்னும் சிறு நினைவகத்திற்கு ஒரு முறைக்கு 64 பைட்டு, அதாவது 8 எண்களைக் கொணரும். கிடைவரிசையாகக் கூட்டினால் எட்டு எண்ணுக்கு ஒரு முறை கொணர்ந்தாற் போதும். மொத்தம் 1,25,000 முறை. நெடுவரிசையாகக் கூட்டினாலோ ஒவ்வோர் எண்ணுக்கும் வெவ்வேறு 64 பைட்டு வேண்டும். ஒரு நெடுவரிசை முடிவதற்குள் 64,000 பைட்டு வந்து குவியும். கேஷின் கொள்ளளவு 32 கிலோபைட்டே எனின், முன்பு வந்தவை வெளியேறிவிடும். ஆகவே 10,00,000 முறை கொணர நேரிடும். விடையோ ஒன்றே, கட்டளைகளின் தொகையும் ஏறத்தாழ ஒன்றே. துடிப்புகளின் எண் மட்டும் பெருகியிருக்கும். கேஷில் கிட்டாதவற்றை எண்ணும் எண்ணியைப் பார்த்தால், செயலி உழைக்கவில்லை, காத்துக் கிடந்தது என்பது விளங்கும்.

கணக்கு நிரல் மெதுவாக ஓடுகிறதென்று புதிய கணிப்பொறி வாங்க முற்படும் அச்சகத்தார், முதலில் இவ்வெண்களைப் பார்ப்பது நலம். சுற்றும் முறையை மாற்றினாலே போதும் என்று தெரிந்தால், பணம் பையிலேயே இருக்கும்.

லினக்ஸில் 2009 முதல் உள்ள ‘பெர்ஃப்’ என்னும் கருவி இவ்வெண்களைப் படித்துக் காட்டும். எனினும், எண்ண விரும்பும் நிகழ்ச்சிகள் பல, எண்ணிகளோ சில. ஆதலின் அவற்றை முறை வைத்து எண்ணி, எஞ்சிய காலத்திற்கு மதிப்பிட்டுக் கூறுவதும் உண்டு. அவ்வாறு பெற்ற எண்ணை ஒரு முறை கண்டு நம்பலாகாது; பன்முறை ஓட்டி ஒப்பிடல் வேண்டும். மேலும், பிறர் நிரலின் போக்கை இவ்வெண்கள் வழியே ஒற்றறியவும் கூடுமாதலால், எல்லாருக்கும் இவற்றைப் படிக்கும் உரிமை தரப்படுவதில்லை.